டப்ளினிலிருந்து சோளக்காடு வரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை காலையில், எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு மக்காச்சோளக் காட்டில் நடந்தது இது. அந்தக் காட்டின் நடுவே நான் முழங்கால் வரை சகதியில் நின்றுகொண்டிருந்தேன். என் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டியில் சொந்த வீடு. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கு இரண்டு உபாதைகள் உண்டு. ஒன்று சர்க்கரை. மற்றொன்று, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராதது. முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது. வாரிசுச் சான்றிதழிலிருந்து வெளிநாட்டு விசா வரைக்கும் எங்கள் தெருவில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு அழைப்பு மணி அடிக்கும். அடிக்காத நாட்களில் மணி ரிப்பேரோ என்று நானே ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் சொந்த ஊர் எப்போதும்வென்றானுக்கு அருகே ஒரு சின்னக் கிராமம். அவள் அப்பா ஆடு மேய்ப்பவர். இப்போது கொஞ்சம் விவசாயமும் உண்டு. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் தம்பியை வளர்த்தவள் இவள்தான். தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போய் அவனை நர்சிங் படிக்க வைத்தாள். படித்தவன் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதை அவன் போனில்தான் பார்த்தான்.

அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்குக் காது குத்தும்போது அது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒரு வயதில் குத்தலாம் என்று நாள் பார்த்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது மூன்று வயது. இதை விட்டால் ஐந்துதான். பெண்ணின் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"பொம்பளப் பிள்ள காது மொட்டையாக் கெடக்கு. பாக்கதவிய எல்லாம் இது பையனாம்மான்னு கேக்காவ. மாமன் மடி என்ன, மேகத்துலயா கெடக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒருநாள் கேட்டுவிட்டார்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாசி மாதம் வெள்ளிக்கிழமை, பெண்ணின் அப்பா ஊரில் இருக்கும் குலதெய்வக் கோவிலில் விழா. பத்தரை மணிக்கு ராகு காலம். அதற்குள் தம்பி வந்துவிட்டால் அவன் மடி. வராவிட்டால் பெண்ணின் சித்தப்பா மகன் மடி. அவனும் முறைக்குத் தாய்மாமன்தானே. பெண் தலையாட்டினாள். ஆனால் அன்று மாலை என் வீட்டுக்கு வந்து நின்றபோது கண் சிவந்திருந்தது.

"பெரியப்பா, அவன் வந்துருவானா? நீங்க கணக்குப் பாத்துச் சொல்லுங்க. நீங்க வந்துருவாம்னு சொன்னா நான் நிம்மதியா இருப்பேன்."

இப்படி ஒருவர் கேட்டால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்கு வியாழக்கிழமை விடியும் வரை ராத்திரி டியூட்டி. அதை முடித்துவிட்டு நேராக விமான நிலையம் போக வேண்டும். டப்ளினிலிருந்து வளைகுடாவில் ஓர் ஊர். அங்கே விமானம் மாறிச் சென்னை. சென்னையில் மறுபடி மாறித் தூத்துக்குடி. நேர்கோட்டில் அளந்தால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் மட்டும் அரை நாளைத் தாண்டும். மாறும் இடங்களில் காத்திருப்பு தனி. ஐந்தரை மணி நேர வித்தியாசம் வேறு.

"பெட்டி எதையும் விமானத்தில் போடாதே, சென்னையில் எடுத்து மறுபடி போட நேரம் இருக்காது. தோள்பை மட்டும் கொண்டு வா" என்று அவனுக்குப் போனில் சொன்னேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கலாம், குடியேற்றச் சோதனையில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது வரை சொன்னேன். பையன் எல்லாவற்றுக்கும் "சரி பெரியப்பா" என்றான். ராத்திரி டியூட்டியில் எத்தனை கிழவர்களுக்கு "சரி" சொல்கிறவனோ, பழக்கம்.

பெண்ணின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் சொன்ன தூரத்தைக் கேட்டுவிட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

"அண்ணாச்சி, ஆட்டப் பத்திக்கிட்டு வந்தா எத்தன மாசமாவும்?"

நானும் விடாமல் கணக்குப் போட்டேன். "ஒன்றரை வருஷம் ஆகும்."

"அப்பம் ரெண்டு ஈத்து ஆயிரும். வீடு வந்து சேரதுக்குள்ள ஆட்டுக்கிடை பெருத்துரும்" என்றார். அந்தப் பயணம் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மாமியாருக்கு வேறு சந்தேகம். "இங்கன மத்தியானம் ஆயிட்டு, அங்கன இப்பம்தான் விடியுதுங்கிய. அவன் நமக்குப் பொறவுதான எந்திரிக்கான்? எப்படி நேரத்துக்கு வந்து சேருவான்?"

பூமி உருண்டை என்பதிலிருந்து தொடங்கினேன். பாதியிலேயே அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

குடும்பம் முழுவதும் வியாழக்கிழமையே வேனில் கோவிலுக்குப் போய்விட்டது. தம்பியை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை அதிகாலையில் வாடகைக் காரில் வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தேன். விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. நானே ஓட்டிவந்தது மாதிரி ஒரு பெருமிதம் எனக்கு.

தோள்பையோடு வெளியே வந்தவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அக்காவின் அதே நெற்றி. கண்ணில் தூக்கம். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். "பிள்ளைக்குத் தோடு இங்கன இருக்கு பெரியப்பா. வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரு எனக்கு நெஞ்சு வலின்னு நெனச்சுட்டாரு."

கார் நெடுஞ்சாலையில் ஏறிக் குறுக்குச்சாலை என்கிற ஊரைத் தாண்டியது. நேரம் தாராளமாக இருந்தது. அவன் பேசிக்கொண்டே வந்தான். அங்கே வார்டில் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களைத் தூக்கி உட்கார வைப்பதுதான் பாதி வேலை. சிலர் இவனைத் தங்கள் மகன் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்களாம், இவனும் மறுப்பதில்லையாம்.

அப்போது அவன் அப்பாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, ராத்திரி இங்கன நல்ல மழை. யாரும் எதிர்பாக்கல. காரை ரோட்டுலயே நிப்பாட்டுங்க. காட்டுக்குள்ள எறக்கிராதிங்க. டிராக்டருக்கு ஆள் போயிருக்கு. அது வந்து கூட்டிட்டு வரும்."

வாகைகுளத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. நாங்கள் வந்த சாலையும் காய்ந்து கிடந்தது. டிராக்டர் எப்போது வந்து, நாங்கள் எப்போது போய்ச் சேர்வது? தவிர, அந்தக் கிராமத்தின் வரைபடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோவிலுக்கு மேற்கே ஒரு வண்டிப்பாதை உண்டு. அகலமான அரசுப் புறம்போக்குப் பாதை. சுற்றிப் போகாமல் நேராகக் கோவிலுக்குக் கொண்டுபோய் விடும். சர்வே கல் எங்கெங்கே நிற்கிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

"டிரைவர் தம்பி, அடுத்த பாலம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்றேன்.

டிரைவர் திரும்பினார். நூறு அடி போனோம். கார் ஒரு முறை தும்மியது. பின் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் நான்கு சக்கரமும் இருந்த இடத்தில் நான்கு கறுப்பு உருண்டைகள் இருந்தன.

டிரைவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது பாதையா?"

"பதிவேட்டில் பாதைதான்."

"அப்பம் காரையும் பதிவேட்டுலதான ஓட்டிருக்கணும்?"

முப்பத்தைந்து வருட சர்வீஸில் மேலதிகாரிகளிடம் வாங்கியதை எல்லாம் விட அது உறைத்தது. பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ரோட்டுலயா நிக்கிதீங்க?"

"இல்லை. வண்டிப்பாதையில்."

"எந்த வண்டிப்பாதை?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பாதையில் வண்டி போய் எத்தனை காலமாயிற்றோ!

கோவில் கண்ணுக்குத் தெரிந்தது. காட்டின் அந்தப் பக்கம் வேப்பமரமும், சீரியல் பல்பு கட்டிய பந்தலும், ஒலிபெருக்கியும். கூப்பிட்டால் கேட்காத தூரம்தான், ஆனால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். "நடந்துவிடலாம், வா" என்றேன். நடக்கத் தெரியாதவன் சொல்கிற யோசனை.

கரிசல் மண் ஈரத்தில் மண்ணாக இருப்பதில்லை. காலை வைத்தால் பிடித்துக்கொள்கிறது. எடுத்தால் கூடவே வருகிறது. பத்து அடிக்குள் ஒவ்வொரு காலும் ஒரு பானை கனம் ஆகிவிட்டது. அறுத்த சோளத்தட்டை வேறு குத்தியது. என் இடது செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. பையன் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, மேய்ச்சல்காரன் மகன் என்பது தெரியும்படி குதிகாலைத் திருப்பித் திருப்பி எடுத்து நடந்தான். எனக்கு வலது முழங்கால் ஏற்கெனவே பழுது. பாதிக்கு முன்பே நின்றுவிட்டேன்.

"நீ போ. நான் இங்கேயே நிற்கிறேன். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நேரம் ஆகிறது, போ."

"சும்மா இருங்க பெரியப்பா. கையை என் தோள்ல போடுங்க. நல்ல கால முன்னால வைங்க. வலிக்கிற கால நான் தூக்குதேன்."

"அக்கா காத்திருக்கிறாள்!"

"ஒங்கள சகதியில நட்டுட்டு நான் மட்டும் போயி உக்காந்தா, பிள்ளய என் மடியில வைப்பாளா? காதத் திருகி வந்த வழியே போயி ஒங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுவா."

டப்ளினில் கிழவர்களைத் தூக்குகிற வித்தையை அன்று என்னிடம் காட்டினான். அணைத்து, ஒரு எண்ணிக்கை சொல்லி, ஓர் அடி. மறுபடி அணைத்து, ஓர் அடி. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்காதவன்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. பாட்டு முடிந்த பிறகு மைக் செட்காரர் மைக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். குடும்பம் அதன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. காடு முழுவதற்கும் கேட்டது.

"ஏட்டி, இனி என்ன இருக்கு? ஆசாரி எத்தன நேரம் ஊசியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு?" இது மாமியார்.

"வந்துட்டான் அத்தை. காட்டுக்குள்ள நிக்கான். அப்பா போன் பேசினாவ."

"காட்டுக்குள்ள நிக்கவன் என்னைக்கு வீட்டுக்குள்ள வாரது? பேசுனது பேசுனபடி. ஏலே, நீ போயி மணையில உக்காரு."

சித்தப்பா மகனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "நான் உக்காரவா, வேண்டாமா? வேட்டியக் கட்டிக்கிட்டுக் காலையிலயிருந்து நிக்கேன்."

என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. பையன் அடியை வேகமாக்கப் பார்த்தான். என் கால் இடறி இருவரும் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க முயன்றபோது அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை அவள். ஆனாலும் மைக் அதைத் தெளிவாகக் கொண்டுவந்தது.

"அத்தை, அம்புட்டுத் தூரம் கடந்து வந்துட்டான். இந்தக் காடு ஒண்ணுதான் பாக்கி. மடி இங்கன வரலன்னா பிள்ளய மடிக்குக் கொண்டு போறேன்."

அதற்கப்புறம் தடதடவென்று ஒரு சத்தம். மைக் விழுந்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தோம். பந்தலிலிருந்து ஒரு பச்சைப் பட்டுச் சேலை காட்டுக்குள் இறங்கியது. இடுப்பில் பிள்ளை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, தோளில் கம்பளியோடு. அவருக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி அவள் கணவன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆசாரி. மணையைச் சுமந்தபடி சித்தப்பா மகன். கடைசியாக, எல்லோரையும் திட்டிக்கொண்டே மாமியார். காது குத்து விழா மொத்தமும் சகதியில் நடந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அக்கா முதலில் வந்து சேர்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏலே, இப்படியா மெலிஞ்சு போவ? அங்கன சோறு போட மாட்டாவளா?"

"நீ மட்டும் என்னவாம்" என்றான் அவன்.

மாமியார் சுற்றிலும் பார்த்தார். "நடுக்காட்டுல வச்சா பிள்ளைக்குக் காது குத்துதது? சாமி அங்கனல்லா இருக்கு?"

அந்தக் கோவிலில் பூசை வைப்பது பெண்ணின் அப்பாதான். அவர் கம்பளியை மடித்து மணையின் மேல் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தாயி, இது ஆட்டுக்குப் பின்னால ஊரூரா நடந்த சாமி. ஒரு காடு தாண்டி வராதா?" பிறகு கோவில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, பய வந்துட்டான். மண்ணு விட மாட்டேங்குது. இங்கனயே முடிச்சிக்கிடுதோம்."

மாமியாரும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை.

பையன் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினான். பிள்ளை வரவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவனை முறைத்தது.

"மாமாடா. போ, மாமாகிட்ட போ."

"இது மாமா இல்ல" என்றது. "மாமா போன்ல இருக்காவ."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆசாரி வானத்தைப் பார்த்தார். பத்தரை நெருங்கிக்கொண்டிருந்தது. அழ அழப் பிடித்து உட்கார வைக்கலாம் என்று மாமியார் கையை நீட்டினார். அக்கா விடவில்லை. பையனின் முகம் வாடிப்போனதை அப்போதுதான் பார்த்தேன். சகதியில் விழுந்தபோதுகூட அது அப்படி இல்லை.

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். முகத்தை எடுக்கிற கேமராவைத் திருப்பி, தன் முகம் திரையில் தெரியும்படி நீட்டிப் பிடித்தான். "குட்டி, யாரு இருக்கா பாரு" என்றான்.

பிள்ளை எட்டிப் பார்த்தது. திரையில் மாமா. தினமும் பார்க்கிற மாமா. திரையைப் பார்த்தது, இவனைப் பார்த்தது, மறுபடி திரையைப் பார்த்தது. சேறு அப்பியிருந்த அவன் கன்னத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தது. திரையில் தன் விரலும் அங்கே போய் ஒட்டியதைக் கண்டதும் ஒரு சிரிப்பு சிரித்தது. அம்மா இடுப்பிலிருந்து தானே வழுக்கி இறங்கி அவன் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆசாரி சட்டென்று வேலையை முடித்தார். தினமும் பத்துப் பேருக்கு ஊசி போடுகிற நர்ஸ், ஊசி காதைத் தொட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிள்ளை வீறிட்டது. ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவன் கொண்டுவந்த தோடு இரண்டு காதிலும் ஏறியபோது ராகு காலம் இன்னும் பிறக்கவில்லை.

எல்லாம் முடிந்தபிறகுதான் மாமியாரின் பார்வை என் மேல் விழுந்தது. தலையிலிருந்து ஒற்றைச் செருப்பு வரை பார்த்தார்.

"ஏரோப்ளான்ல வந்தவனச் சேத்துல எறக்குனது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. சரி, வாங்க, கறிச்சோறு ஆறிரும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். என்னால் நடக்க முடியவில்லை. மடி கொடுக்க வந்து வேலையில்லாமல் நின்ற சித்தப்பா மகன், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்தான். அவன் முதுகில் ஏறிக்கொண்டு, அறுபத்தாறு வயதில், பிள்ளையைப் போலவே நானும் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எதிரே டிராக்டர் வந்துகொண்டிருந்தது.

பையன் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனான். அவனை வழியனுப்ப வேறு ஆளைத்தான் அனுப்பினார்கள், எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண் மட்டும் பிறகு ஒருநாள் ஒரு புதுச் செருப்போடு வந்து, "அளவு சரியா இருக்கா பாருங்க பெரியப்பா" என்றாள். சரியாக இருந்தது.

இப்போதும் தெருவில் யாராவது இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், பறக்கும் நேரம், மாறும் இடம், காத்திருப்பு எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்கிறேன். வருகிறவன் எவ்வளவு வேகமாக வருவான் என்று மட்டுமே அதுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, காத்திருப்பவர்களும் எழுந்து எதிரே நடந்து வருவார்கள் என்பதை அந்தப் பச்சைச் சேலை காட்டில் இறங்கியபோதுதான் பார்க்கக் கொடுத்துவைத்தது.